எல்லாக் குழந்தைகளுக்குமா, கைக்குழந்தைகளுக்கு மட்டுமா?

மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜரில் நடந்த ஆய்வுகளில், குழந்தை இறப்பைக் குறைக்க, நோய் இருக்கிறதா என்று பார்க்காமலே சிறு குழந்தைகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை அஸித்ரோமைசின் என்ற பாக்டீரியாக் கொல்லி மருந்தைக் கொடுத்தார்கள். யாருக்குக் கொடுப்பது என்பதில் இரண்டு கட்சி. 1 முதல் 59 மாதம் வரை உள்ள அனைவருக்கும் என்பது ஒன்று. 1 முதல் 11 மாதம் வரை உள்ளவர்களுக்கு மட்டும் என்பது மற்றொன்று. உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது இரண்டாவதை; அதுவும் குழந்தை இறப்பு மிக அதிகமான பகுதிகளுக்கு மட்டும். பொதுச் சுகாதாரப் பாடம் நடத்துகையில் ஒரு பக்கம் நிற்க வேண்டி வந்தபோது, நான் முதலாவதைத் தேர்ந்தேன்.

செலவு, அலைச்சல், மருந்தின் அளவு எல்லாவற்றிலும் இரண்டாவதான குறுகிய வழியே இலகுவானது. அதில் வாதமில்லை.

என்னைத் தீர்மானிக்க வைத்தது, நைஜரில் இவ்விரு வழிகளையும் ஒப்பிட்டு 2024இல் வெளியான அவெனிர் ஆய்வு. அனைவருக்கும் கொடுத்த ஊர்களில் ஐந்து வயதுக்குட்பட்டோர் இறப்பு, ஒப்பீட்டுக்காக மருந்துச் சத்தே இல்லாத போலிக் கரைசல் கொடுத்த ஊர்களைவிட 14 சதவீதம் குறைவு. கைக்குழந்தைகளுக்கு மட்டும் கொடுத்த ஊர்களில் அந்தக் குழந்தைகளிடமே உறுதியான பலன் தெரியவில்லை. வியப்பு இதுதான்: அண்ணனும் அக்காவும் மருந்து குடித்த ஊரில் கைக்குழந்தைகளும் குறைவாகவே இறந்தன. குடல் கிருமிகள் மலத்தின் வழியே, கைகளின் வழியே, ஒரே முற்றத்தில் சுற்றித் திரிபவை. தொட்டிலில் இருப்பதை மட்டும் காப்பாற்றிவிட்டு முற்றத்தை விட்டுவிட முடியுமா? நைஜரில் இம்மருந்து, வயிற்றுப்போக்கு தரும் கேம்பைலோபேக்டர் என்ற பாக்டீரியாவின் தொற்றைக் குறைத்திருப்பதும் இதோடு பொருந்துகிறது. ஆனாலும் குடல் தொற்றுதான் முழுக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். சுவாசத் தொற்றும் மலேரியாவும் இதே மருந்துக்குக் கொஞ்சம் வளைந்துகொடுப்பவை. வைரஸ் வயிற்றுப்போக்கை இது தொடுவதே இல்லை.

முதல் கட்சிக்கு எதிரான வலுவான வாதம் மருந்தெதிர்ப்பு, அதாவது கிருமிகள் மருந்துக்கு மசியாமல் போவது. நைஜரிலேயே நான்காண்டு விநியோகத்துக்குப் பின் குழந்தைகளின் குடலில், அஸித்ரோமைசின் சேர்ந்த மேக்ரோலைடு மருந்துக் குடும்பத்துக்கான எதிர்ப்பு மரபணுக்கள் ஏழு மடங்குக்கு மேல் கூடியிருந்தன. குடலில் எதிர்ப்பு ஏறினால் நாளை நோயுற்ற குழந்தைக்கு மருந்து பலிக்காது என்று நேராகக் கணக்கிட்டுவிட முடியாதுதான். ஆனால் அதைக் கண்காணிக்க வழியில்லாத நாட்டில் நான் இதைத் தொடங்கச் சொல்லமாட்டேன்.

இறப்பு அவ்வளவு இல்லாத இடத்தில் என் கட்சியும் மாறும். இதே மருந்தை நைஜரோடு சேர்த்து மூன்று நாடுகளில் சோதித்து, 2018இல் முடிவு வெளியான மார்டார் ஆய்வில் மலாவியிலும் தான்சானியாவிலும் தனித்தனியே தெளிவான பலன் தெரியவில்லை. அங்கே என் முதல் பணம் உப்பு சர்க்கரைக் கரைசலுக்கும் துத்தநாக மாத்திரைக்கும் ரோட்டா வைரஸ் தடுப்பூசிக்கும்தான்.