எல் கோர்டோவின் நிறை: எக்ஸ் கதிரை நம்புவதா, ஈர்ப்பு வில்லையை நம்புவதா?

தொலைதூர விண்மீன்திரள் கொத்து ஒன்றின் நிறையை அறியப் பல வழிகள் உண்டு. முக்கியமானவை மூன்று: உள்ளே ஓடும் திரள்களின் வேகம், கொத்தை நிரப்பியுள்ள சூடான வாயுவின் எக்ஸ் கதிர், பின்னணித் திரள்களின் உருவத்தில் கொத்தின் ஈர்ப்பு உண்டாக்கும் மெல்லிய திரிபு, அதாவது ஈர்ப்பு வில்லை. என் ஆய்வேட்டுக்கு மூன்றாவதை எடுத்துக்கொண்டவன் நான். இந்த அலசலும் அந்தப் பக்கமே சாயும்.

வேக வழி மூத்தது. 1933இல் வானியலாளர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி கோமா கொத்தில், கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளின் தடயத்தைக் கண்டது இதன் மூலம்தான். வேகத்தை அறிய ஒவ்வொரு திரளுக்கும் நிறமாலை எடுக்கப் பெரிய தொலைநோக்கியில் நேரம் வேண்டும். எனக்கு அது கிடைக்கவில்லை, செய்து பார்த்ததுமில்லை.

எக்ஸ் கதிர் வழி கச்சிதமானது. வாயுவின் வெப்பநிலையும் அடர்த்தியும் தெரிந்தால் கணக்கு முடிந்தது. ஆனால் வாயுவின் அழுத்தமும் ஈர்ப்பும் சமநிலையில் இருப்பதாக முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கேதான் எனக்கு உதைக்கிறது. தொலைவில் இருப்பவை நாம் இளமையில் பார்க்கும் கொத்துகள். பலவும் இன்னும் மோதிக்கொண்டிருப்பவை. எல் கோர்டோ என்ற கொத்தின் ஒளி கிளம்பிச் சுமார் 700 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதில் தெரிவது இரண்டு கொத்துகளின் மோதல். அங்கே ஏது சமநிலை? இதுபோலவே மோதிய புல்லட் கொத்தில் வாயு ஓரிடத்திலும் நிறையின் பெரும்பகுதி வேறிடத்திலும் கிடப்பதை 2006இல் காட்டியதே ஈர்ப்பு வில்லைதான். அமைதியாகத் தெரியும் கொத்திலும் வாயுவின் கொந்தளிப்பு நிறையை 10 முதல் 30 சதவீதம் வரை குறைத்துக் காட்டக்கூடும் என்கின்றன கணினிப் பாவனைகள்.

ஈர்ப்பு வில்லைக்குக் கொத்து அடங்கியிருக்கிறதா, ஆடுகிறதா என்ற கவலை இல்லை. அதன் தொல்லை வேறு. ஒவ்வொரு பின்னணித் திரளும் இயல்பிலேயே ஏறக்குறைய 0.3 அளவு நீள்வட்டமானது (0 என்றால் வட்டம்). நாம் தேடும் திரிபோ நூறில் சில பங்குதான். 900 திரள்களைச் சராசரி எடுத்தால்தான் பிழை 0.01க்கு இறங்கும். அதற்கும் முன்னால் கருவியின் கறையைக் கழுவ வேண்டும். ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் உணர்சில்லு கதிர்வீச்சில் சேதமடைந்திருப்பதால், தரவை வாசிக்கும்போது மின்னூட்டம் பின்தங்கி, மங்கலான திரள்களுக்கு ஒரே திசையில் வால் முளைக்கிறது. திருத்தாமல் விட்டால் அந்த வாலையும் ஈர்ப்பு என்று எண்ணிவிடுவோம். பல மாதங்கள் இதற்கே போயின. ஆனாலும் இது கருவியின் குறை, சோதித்துத் திருத்தலாம். சமநிலை இல்லாத குறை கொத்துக்குள்ளேயே இருக்கிறது. அதை எதை வைத்துத் திருத்துவது?

வில்லை சொல்வது வேதவாக்கு என்பதல்ல. எல் கோர்டோவுக்கு 2014இல் சுமார் 3,000 லட்சம் கோடி சூரிய நிறை என்றார்கள். 2021இல் அகன்ற ஹபிள் படங்களை வைத்து அதைச் சுமார் 2,100 லட்சம் கோடிக்கு இறக்கினார்கள். பார்வைக்கோட்டில் வேறு ஏதாவது பொருள் குறுக்கிட்டாலும் அதுவும் கணக்கில் ஏறிவிடும்.

அருகில் உள்ள, அடங்கிய கொத்து என்றால் எக்ஸ் கதிரே போதும், உழைப்பும் குறைவு. தொலைவு கூடக்கூட ஏறும் செம்பெயர்ச்சி என்ற அளவு 1ஐத் தாண்டினால் பின்னணித் திரள்களே அருகிவிடும். 1.39இல் உள்ள கொத்து ஒன்றை 2009இலேயே ஹபிளை வைத்து அளந்திருக்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போனதில்லை. அங்கேயும் வில்லையைத்தான் நம்புவேனா என்று இப்போதே அடித்துச் சொல்ல மாட்டேன்.