ஒரே தளம், பதினெட்டு வருட பிரவுசர்கள்

2007-இல் சித்திக்காக ஒரு சமையல் குறிப்புத் தளம் செய்து கொடுத்தேன். இன்றுவரை அதை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அறுநூறு குறிப்புகளுக்கு மேல் இருக்கும், எல்லாம் தமிழில். தோற்றத்தை நான்கு முறை மாற்றியிருக்கிறேன். புதிதாக எந்த பிரவுசர் வந்தாலும் முதலில் திறப்பது இந்தத் தளத்தைத்தான். அதனால் பத்து நாள் பயன்படுத்திவிட்டு எழுதும் மதிப்பீடு என்று இதை நினைத்துவிட வேண்டாம். ஒரே பக்கத்தை இத்தனை வருடம் விதவிதமான பிரவுசர்களில் பார்த்துப் பார்த்துச் சேர்ந்த அபிப்பிராயம். வேகம், மெமரி, எக்ஸ்டென்ஷன் பற்றியெல்லாம் பேசப்போவதில்லை. நான் எழுதிய வடிவமைப்பை எது எப்படிக் காட்டியது, அவ்வளவுதான்.

ஐஇ6-இலிருந்து, அதாவது மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6-இலிருந்து, ஆரம்பிக்கிறேன். 2001-இல் வந்தது, அடுத்த பதிப்பு வர 2006 ஆகிவிட்டது. எங்கள் தெருமுனை பிரவுசிங் சென்டரில் எட்டு கம்ப்யூட்டர். எட்டிலும் விண்டோஸ் எக்ஸ்பி, எட்டிலும் அந்த நீல 'இ'. வீட்டில் ஃபயர்ஃபாக்ஸில் எல்லாம் சரியாக வந்துவிட்டது என்று திருப்திப்பட்டுக்கொண்டு, மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து அங்கே போய்ச் சோதிப்பேன். முதல் நாளே லோகோ மானத்தை வாங்கியது. ஒரு வாழை இலை, அதன் கீழ் மெல்லிய நிழல், பிஎன்ஜி படம். ஐஇ6 பிஎன்ஜியைத் திறக்கும். ஆனால் பாதி தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டிய நிழல் பகுதியைக் காட்ட அதற்குத் தெரியாது. இலையைச் சுற்றி சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம் நின்றது. சித்தி எட்டிப் பார்த்துவிட்டு, "இலையை எதுக்குடா தட்டு மேல வெச்சிருக்க?" என்று கேட்டார்.

அதற்கு ஆல்பாஇமேஜ்லோடர் என்று ஒரு ஃபில்டர் இருந்தது. போட்டேன், பக்கம் நகரத் திணறியது. கடைசியில் பின்னணி நிறத்தையும் சேர்த்து வரைந்த ஜிஃப் படமாக மாற்றி வைத்தேன். இதுபோல நிறைய. ஃப்ளோட் செய்த, அதாவது ஓரமாக ஒதுக்கி நிறுத்திய பெட்டிக்குப் பத்து பிக்சல் மார்ஜின் (வெளி இடைவெளி) கொடுத்தால் இருபதாக எடுத்துக்கொள்ளும். அதற்கு 'டிஸ்ப்ளே: இன்லைன்' என்று எழுதினால் குணமாகிவிடும். ஏன் குணமாகிறது என்று கேட்கக்கூடாது, பாட்டி வைத்தியம் மாதிரி. ஐஇயைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் சொல்லிவிடுகிறேன்: கண்டிஷனல் கமென்ட் (ஐஇ மட்டும் படிக்கும் குறிப்பு) வழியாக அதற்கு மட்டும் தனி ஸ்டைல்ஷீட் (தோற்ற விதிகளின் கோப்பு) கொடுக்க முடிந்தது. குளறுபடிகளை ஒரே மூலையில் குவித்து வைக்கலாம், மற்ற பிரவுசர்கள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது.

அதே சமயம், தமிழ் விஷயத்தில் என் காலை வாரியது ஐஇ இல்லை, நான் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய ஃபயர்ஃபாக்ஸ் 2. பத்திரிகையில் வருவது போல இருபுறமும் ஒழுங்காக நிற்கட்டும் என்று பத்திகளுக்கு 'ஜஸ்டிஃபை' கொடுத்திருந்தேன். ஐஇ6-இல் அழகாக இருந்தது. விண்டோஸில் ஃபயர்ஃபாக்ஸைத் திறந்தால் எழுத்துகள் உடைந்து கிடந்தன. 'கொழுக்கட்டை' என்ற சொல்லில் ககரம் ஓரிடம், கொம்பும் காலும் வேறிடம், நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத புள்ளி வட்டங்கள். வரியை நீட்டுவதற்காக இடைவெளியைப் பங்கிடும்போது அது எழுத்தையும் அதன் குறியையும் தனித்தனி ஆட்களாக எண்ணிவிடுகிறது. ஆங்கிலத்தில் சோதித்துப் பார்த்தவர் கண்ணில் இது படவே படாது. 'ஜஸ்டிஃபை: ஆதரவு உண்டு' என்று, எந்த பிரவுசரில் எது வேலைசெய்யும் எனக் காட்டும் அட்டவணையில் பச்சை நிறத்தில்தான் போட்டிருப்பார்கள். 2008 ஜூனில் ஃபயர்ஃபாக்ஸ் 3 வந்து இதைச் சரிசெய்தது. அதுவரை எல்லாப் பத்தியும் இடது ஒழுங்கில் நின்றது. இன்றும் அப்படித்தான் நிற்கிறது, ஆனால் இப்போது காரணம் வேறு: தமிழ்ச் சொற்களின் நீளத்துக்கு, போன் திரையில் ஜஸ்டிஃபை செய்தால் வரிக்கு இரண்டு சொல், நடுவில் ஒரு மைதானம்.

அப்புறம் நோக்கியா காலம். வருகையாளர்களில் பாதிப் பேர் ஓபெரா மினி என்ற போன் பிரவுசரில் வந்தார்கள். அது பக்கத்தைத் தன் சர்வரிலேயே அடுக்கிச் சுருக்கி, போனுக்குக் கொஞ்சமாக அனுப்பும். போனில் தமிழ் ஃபான்ட் கிடையாது, அதனால் வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும். அதற்கு ஒரு ரகசியக் கதவு இருந்தது: முகவரிப் பட்டையில் 'ஓபெரா:கான்ஃபிக்' என்று அடித்து, கீழே போய், சிக்கலான எழுத்துகளுக்கு பிட்மேப் ஃபான்ட் வேண்டும் என்ற இடத்தில் 'யெஸ்' கொடுக்க வேண்டும். உடனே சர்வர் தமிழைப் படமாக வரைந்து அனுப்பத் தொடங்கும். டேட்டா கூடுதலாகச் செலவாகும், ஆனால் எழுத்து ஒன்றுகூட உடையாது. இதை எத்தனை பேருக்குப் போனில் படிப்படியாகச் சொல்லிக் கொடுத்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

வடிவமைப்பு ஆதரவு என்று பார்த்தால் ஓபெரா மினி பூஜ்யத்துக்குப் பக்கத்தில். வளைந்த மூலை வராது, நிழல் வராது, வெப் ஃபான்ட் வராது, ஒட்டி நிற்கும் மெனு வராது. ஆனால் எனக்கு அது ஒருநாளும் தொல்லை கொடுத்ததில்லை. தெரியாததைத் தெரியாது என்று அப்படியே தாண்டிப் போய்விடும். எச்டிஎம்எல்லை (பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் குறிமொழி) வரிசையாக எழுதியிருந்தால் தேவையான பொருட்கள், செய்முறை, படம் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கும். சாம்பார் வைக்க அது போதும்.

வளைந்த மூலையைப் பற்றி இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். நான்கு மூலைக்கும் நான்கு படம் வெட்டி, டிவ் என்ற பெட்டிக்குள் இன்னொரு டிவ் வைத்து ஒட்டுவோம். பிறகு மூலையை வளைக்கும் பார்டர்-ரேடியஸ் வந்தது, ஃபயர்ஃபாக்ஸுக்கு மோஸ் என்ற முன்னொட்டோடு ஒரு தடவை, சஃபாரிக்கும் குரோமுக்கும் வெப்கிட் முன்னொட்டோடு இன்னொரு தடவை எழுத வேண்டும். 2011-இல் ஐஇ9 வந்தபோது அதுவும் சேர்ந்துகொண்டது. ஐஇ8-க்குச் சதுர மூலையே போதும் என்று விட்டேன். சித்தி உள்பட ஒருவர்கூடக் கவனிக்கவில்லை.

இந்த முன்னொட்டுகள் செத்துவிட்டன என்று நினைத்தால் தவறு. ஐபோன் பிரபலமானபின் பலரும் வெப்கிட் முன்னொட்டை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். 2016-இல் ஃபயர்ஃபாக்ஸ்கூட, அதன் 49-ஆம் பதிப்பில், வெப்கிட் என்று எழுதியிருப்பதைப் புரிந்துகொள்ள ஆரம்பித்தது, வேறு வழியில்லை. ஒரு குறிப்பின் அறிமுகத்தை மூன்று வரியோடு வெட்டி நிறுத்த, 2009-இன் பழைய ஃப்ளெக்ஸ்பாக்ஸ் (பெட்டிகளை வரிசையாக அடுக்கும் முறை) இலக்கணத்தில் 'வெப்கிட்-பாக்ஸ்' என்று இன்றும் எழுதுகிறேன். எல்லா பிரவுசரும் ஒழுங்காகக் கேட்கிறது. அந்த இலக்கணத்தை எப்போதோ கைவிட்டாகிவிட்டது, இந்த ஒரு வேலைக்கு மட்டும் எழுப்பிக் கூப்பிடுகிறோம்.

2017 மார்ச் மாதம் நல்ல மாதம். ஃபயர்ஃபாக்ஸ் 52, குரோம் 57, சஃபாரி 10.1 மூன்றும் சில வாரங்களுக்குள், பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து அடுக்கும் கிரிட்டைக் கொண்டுவந்தன. முகப்புப் பக்கத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து மாற்றி எழுதினேன். இருநூறு வரி இருந்த சிஎஸ்எஸ் (தோற்ற விதிகள்) ஐம்பதாகிவிட்டது. ஒரு பிரச்சினையும் வரவில்லை, எனவே சொல்லவும் ஒன்றுமில்லை.

பிரச்சினை வந்தது கேப்பில். ஃப்ளெக்ஸ்பாக்ஸில் அடுக்கிய பொருட்களுக்கு நடுவே இடைவெளி விட 'கேப்' என்று ஒரே வரி எழுதினால் போதும் என்றாயிற்று. ஃபயர்ஃபாக்ஸ் 63-இல் 2018-இலேயே வந்துவிட்டது, குரோம் 84-இல் 2020 ஜூலையில் வந்தது. நான் சந்தோஷமாகப் பழைய மார்ஜின்களையெல்லாம் நீக்கிவிட்டு கேப் போட்டேன். பாதுகாப்புக்கு 'சப்போர்ட்ஸ்' விதியும் வைத்தேன்: கேப் தெரிந்த பிரவுசருக்கு கேப், தெரியாததற்கு மார்ஜின். மறுநாள் காலை சித்தியிடமிருந்து போன்.

"டேய், பட்டன் எல்லாம் பிசைஞ்ச மாவு மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குதுடா."

"எதுல பாக்குறீங்க சித்தி?"

"சமையக்கட்டுல இருக்கிற ஐபேட்லதான். வேற எதுல பாப்பேன்?"

அந்த ஐபேட் அவர் மகன் 2014-இல் வாங்கிக் கொடுத்த ஏர் மாடல். ஐஓஎஸ் 12-ஓடு அதற்கு அப்டேட் நின்றுவிட்டது, ஆக சஃபாரியும் 12-தான். 'தேவையானவை', 'செய்முறை', 'அச்சிட' மூன்றும் ஒரே நீளப் பட்டையாக ஒட்டி நின்றன. குரோமைத் திறந்து பார்க்கச் சொன்னேன், அதிலும் அதே கதை. அந்த ஐபேடில் எந்தப் பெயரில் பிரவுசர் போட்டாலும் உள்ளே ஓடுவது சஃபாரியின் எஞ்சினான வெப்கிட்தானே.

சப்போர்ட்ஸ் விதி ஏன் கைகொடுக்கவில்லை என்று புரிய அரை நாள் ஆனது. சஃபாரி 12-க்கு கேப் தெரியும், ஆனால் கிரிட்டுக்குள் மட்டும். ஃப்ளெக்ஸுக்குள் அது வேலைசெய்ய 2021 ஏப்ரலில் 14.1 வரவேண்டியிருந்தது. 'உனக்கு கேப் தெரியுமா?' என்று கேட்டால் 'தெரியும்' என்று சொல்லும். அது பொய்யும் இல்லை. 'ஃப்ளெக்ஸில் தெரியுமா?' என்று கேட்க அந்த விதியில் வழியே கிடையாது. ஓபெரா மினிக்குத் தெரியாது என்பதால் அங்கே மார்ஜினைப் போட்டு ஒழுங்காக நின்றிருக்கும். பாதி தெரிந்ததால்தான் இங்கே மாட்டிக்கொண்டேன். வாழை இலையும் கொழுக்கட்டையும் இதே வகையில்தான் சிக்கின. வெளியிடுவதற்கு முன் ஒரு பழைய சாதனத்தில் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்; பார்க்காதது என் சோம்பேறித்தனம்.

கைபேசியில் திரையின் முழு உயரம் பற்றியும் ஒரு வரி. 100விஎச் (திரை உயரத்தில் நூறு சதவீதம்) என்று கொடுத்தால் முகவரிப் பட்டை மறைந்த பிறகு கிடைக்கும் உயரத்தை ஐஓஎஸ் எடுத்துக்கொள்ளும், பக்கத்தின் கீழே இருக்கும் பொத்தான், பிரவுசரின் பட்டைக்குப் பின்னால் போய்விடும். 2022 மார்ச்சில் சஃபாரி 15.4 கொண்டுவந்த, பட்டைக்கேற்ப மாறும் டிவிஎச் அலகு இதைத் தீர்த்துவிட்டது.

தமிழுக்கென்று இன்னும் ஒரு தொந்தரவு உண்டு: நீளச் சொற்கள். 'வதக்கிக்கொண்டிருக்கும்போதே' என்று சித்தி எழுதுவார், ஒரே சொல். சின்னப் போனில் இரண்டு பெட்டியைப் பக்கம் பக்கமாகப் போட்டால் இந்தச் சொல் பெட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு பக்கத்துப் பெட்டிக்குள் நுழைந்துவிடும். இடம் போதாவிட்டால் சொல்லை உடைக்கச் சொல்லும் 'ஓவர்ஃப்ளோ-ராப்: பிரேக்-வேர்ட்' போட்டும் அடங்கவில்லை. காரணம், ஃப்ளெக்ஸில் ஒரு பெட்டி எவ்வளவு சுருங்கலாம் என்று கணக்குப் போடும்போது சொல் உடையலாம் என்பதை அந்த மதிப்பு கணக்கில் சேர்க்காது. 'எனிவேர்' என்ற மதிப்பு சேர்க்கும். அது ஃபயர்ஃபாக்ஸ் 65-இல் வந்தது, குரோம் 80-இல் வந்தது, சஃபாரிக்கு மறுபடியும் 15.4 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பழையவற்றுக்கு, பெட்டி எவ்வளவு வேண்டுமானாலும் சுருங்கலாம் என்று சொல்லும் 'மின்-விட்த்: 0' சேர்த்துச் சமாளித்தேன். சித்திக்கு இதில் திருப்தி இல்லை. "பாதி வார்த்தையை வெட்டி அடுத்த வரியில போட்டிருக்க, யாரு படிப்பா?" நியாயம்தான். அடிக்கடி வரும் முப்பது சொற்களுக்கு எங்கே மடக்கலாம் என்று நானே இடம் குறித்து வைத்தேன்.

இப்போது என் பழக்கம் இது. எழுதுவது ஃபயர்ஃபாக்ஸில்; கிரிட் கோடுகளை வரைந்து காட்டுவதிலும், எந்த எழுத்து எந்த ஃபான்டில் வருகிறது என்று சொல்வதிலும் அதன் டெவலப்பர் கருவிகள்தான் எனக்கு வசதி. குரோமில் பார்ப்பது பெரும்பாலும் சம்பிரதாயம். அங்கே ஏதும் தவறினால் தப்பு என்னுடையதாகத்தான் இருக்கும். எட்ஜ் 2020 முதல் குரோமின் அதே எஞ்சினில் ஓடுவதால் தனியாகத் திறப்பதையே விட்டுவிட்டேன். சஃபாரி இப்போது பழைய சஃபாரி இல்லை. ':ஹாஸ்' தேர்வியை (உள்ளே இன்னது இருக்கும் பெட்டியை மட்டும் பிடிப்பது) முதலில் கொண்டுவந்ததே அதுதான், 2022-இல். ஃபயர்ஃபாக்ஸ் 2023 டிசம்பர் வரை இழுத்தடித்தது. பொருளை டிக் செய்தால் வரி மங்கும்படி அதை வைத்துச் செய்தேன். தெரியாத பிரவுசரில் ஒன்றும் மங்காது, அவ்வளவுதான்.

போன மாதம் ஸ்டைல்ஷீட்டைக் கூட்டிப் பெருக்கினேன். ஐஇ வரிகள் எல்லாம் போயின, மோஸ் முன்னொட்டுகள் போயின. சஃபாரி 12-க்காகப் பொத்தான்களுக்குத் திரும்ப வைத்திருந்த நான்கு வரி மார்ஜினையும் நீக்கலாம் என்று சித்தி வீட்டுக்குப் போனபோது பார்த்தேன். ஐபேட் சமையலறையில் மிக்ஸிக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றது, கண்ணாடியில் மஞ்சள்தூள் விரல்தடம், திரையில் வத்தக்குழம்பு. நான்கு வரியும் அப்படியே இருக்கிறது.