அசல் எவோ 3 வாங்குவதா, வீராவில் கட்டிக்கொள்வதா?

மூன்று வருடம் யோசித்துவிட்டு, கடைசியில் மலேசியத் தயாரிப்பான ஒரு 1996 புரோட்டோன் வீராவை வாங்கி அதை மிட்சுபிஷி லேன்சர் எவோ 3 ஆக மாற்றிக்கொண்டவன் நான். தராசு எந்தப் பக்கம் சாயும் என்று இப்போதே உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் எதிர்ப்பக்கத்து நியாயத்தை மறைக்கப் போவதில்லை. என் நண்பர் ஒருவர் அசலை வைத்திருக்கிறார். இதைப் படிப்பார்.

மலேசியாவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு சின்ன முன்கதை. உலக ரேலிப் போட்டியில் குரூப் ஏ பிரிவில் ஓட வேண்டுமானால், சாலையில் விற்கும் கார்களாக 2,500 தயாரித்துக் காட்ட வேண்டும் என்று அப்போது ஒரு விதி இருந்தது. அதற்காகவே மிட்சுபிஷி 1992இல் லேன்சர் எவல்யூஷனை, சுருக்கமாக எவோவை, கொண்டுவந்தது. மூன்றாவது பதிப்பு 1995இல் வந்தது. 1,997 சிசி, டர்போ வைத்த 4ஜி63 இன்ஜின், 270 குதிரைசக்தி, நான்கு சக்கரத்துக்கும் விசை, பின்னால் துணி காயப்போடலாம் போல ஓர் இறக்கை. 1996இல் டொம்மி மாக்கினென் இந்தக் காரில்தான் சஃபாரி உட்பட ஐந்து ரேலிகளை வென்று உலகப் பட்டத்தை எடுத்தார்.

இனி நம் ஊர்க் கதை. அதே தலைமுறை லேன்சரின் உடலை வைத்துத்தான் 1993இல் புரோட்டோன் வீரா வந்தது. பெயர் மலாய்ச் சொல்தான். நமக்கு அர்த்தம் சொல்லத் தேவையில்லை. முன்விளக்கும் பின்விளக்கும் வேறு, கிரில் வேறு. கதவைத் திறந்து பார்த்தால் இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். புரோட்டோனின் ரேலி அணியும் எவோவின் பாகங்களை நம்பித்தான் களம் இறங்கியது. கரம்ஜித் சிங், ஆலன் ஓ ஜோடி 2002இல் தயாரிப்புக் கார்களுக்கான உலக ரேலிப் பட்டத்தை வென்றது புரோட்டோன் பெர்ட் காரில். ஆகவே இங்கே ஒரு வீராவை எவோ ஆக்குவது ஃபைபர் பம்பர் ஒட்டி வேஷம் போடுகிற வேலை மட்டும் இல்லை. அதற்கு ஒரு வம்சாவளி இருக்கிறது. (பம்பரும் இறக்கையும் மட்டும் மாட்டி, உள்ளே பழைய 1.5 இன்ஜினை வைத்து ஓட்டுகிறவர்களும் உண்டு. அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இந்த ஒப்பீட்டில் அவர்களைச் சேர்க்கவில்லை.)

எல்லோருக்கும் தெரிந்ததைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். விலையில் அசல் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. 2020இல் இந்தக் காருக்கு 25 வயது ஆனதும் அமெரிக்காவுக்குள் இறக்கலாம் என்றாகிவிட்டது. அதன் பிறகு ஜப்பானில் நல்ல கார்களுக்குக் கூடுதலாக ஒரு கூட்டம் போட்டி போடுகிறது. வேகத்தில், ஒழுங்காகக் கட்டிய வீராவும் அசலும் ஏறத்தாழ ஒன்று, இன்ஜினே ஒன்றுதானே. அழகில், பத்தடி தள்ளி நின்றால் என் மனைவிக்கு வித்தியாசம் தெரியாது. பக்கத்தில் வந்தாலும் தெரியாது.

சரி, எது முடிவைத் தீர்மானித்தது? பராமரிப்பு. இன்னும் குறிப்பாகச் சொன்னால், இன்ஜின் அல்லாத பாகங்கள்.

இந்த விஷயத்தில் எல்லோரையும் போல நானும் தலைகீழாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பழைய டர்போ இன்ஜின், அதுதான் பணத்தைத் தின்னும் என்று பயம். கிள்ளான் பக்கம் ஒரு போமன் அண்ணன் (மெக்கானிக்கை இங்கே அப்படித்தான் சொல்வோம்) சிரித்தார். "இன்ஜின் சாகாது தம்பி. கதவு ரப்பர்தான் உன்னைச் சாகடிக்கும்" என்றார். அப்போது புரியவில்லை.

4ஜி63 ஒன்றும் அபூர்வப் பொருள் இல்லை. எவோ 9 வரை அதே குடும்ப இன்ஜின்தான் வந்தது. கலான்ட் விஆர்-4இலும் அதுவே. ஜப்பானிலிருந்து ஹாஃப்-கட் என்று வருமே, இன்ஜினோடு சேர்த்து முன்பாதியை அப்படியே வெட்டி, காராக இல்லாமல் உதிரிபாகமாக இறக்குவது, அந்தக் கடைகளில் சொல்லி வைத்தால் கிடைக்கும். அதன் வியாதிகளும் எல்லோருக்கும் தெரிந்தவை. டைமிங் பெல்ட்டுக்குப் பக்கத்தில் இன்ஜின் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டுக்கென்று ஒரு குட்டி பெல்ட் இருக்கிறது. அது அறுந்தால் டைமிங் பெல்ட்டுக்குள் போய் மாட்டும். டைமிங் பெல்ட் நழுவினால் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும். அதனால் இரண்டு பெல்ட், டென்ஷனர், தண்ணீர் பம்ப் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிட வேண்டும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விரிசல் விழும். வெல்டிங் வைப்பார்கள், மறுபடி விழும். இந்தத் தலைவலி அசலுக்கும் உண்டு, நகலுக்கும் உண்டு. ஒப்பீட்டில் இரு பக்கமும் கழித்துவிடலாம்.

மிச்சம் இருப்பது கார் முழுவதும்: ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டார், கதவுப் பிடி, கண்ணாடியைச் சுற்றி வரும் ரப்பர், டேஷ்போர்டு, வயரிங், சஸ்பென்ஷன் புஷ், உள்கூரைத் துணி. முப்பது வருட வெயிலில் உதிர்வது இவைதான். இங்கேதான் வீரா ஜெயிக்கிறது. 2009 வரை உற்பத்தியில் இருந்த கார் அது. எந்தச் சின்ன ஊர் ஸ்பேர்பார்ட்ஸ் கடையிலும் பாதிப் பொருள் அலமாரியில் இருக்கும். மீதியைப் பழைய இரும்புக் கடையில் கழற்றிக்கொள்ளலாம். போன தீபாவளிக்கு முதல் நாள் என் ஓட்டுநர் பக்கக் கதவுப் பிடி கையோடு வந்துவிட்டது. ஈப்போவில் ஒரு கடையில் தவுக்கே, அதாவது கடை முதலாளி, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பசியாறி முடிப்பதற்குள் மாட்டியாகிவிட்டது.

நீங்கள் கேட்கலாம்: உடல் ஒன்றுதான் என்றால் அசல் வைத்திருப்பவரும் அதே வீரா பிடியை வாங்கி மாட்டலாமே? மாட்டலாம், மாட்டுகிறார்கள். நான் வாங்க இருந்த ஓர் அசலில் இரண்டு கதவும் வீராவுடையவை. விற்பவர் அதைச் சொல்லவில்லை. கதவு விளிம்பில் உள்பக்கத்துப் பெயிண்ட் சொன்னது. சிக்கல் இதுதான்: அசலுக்காக அவ்வளவு பணம் கொடுப்பது அது அசல் என்பதற்காக. அதில் ஏறும் ஒவ்வொரு வீரா பாகமும், கொடுத்த பணத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழிகிறது. அதனால் நண்பர் ஜப்பான் ஏலத் தளங்களில் உட்கார்ந்து, அதே ஆண்டு, அதே நிறம் என்று தேடுகிறார். கூரையோரத்து ரப்பருக்காக அவர் கார் நான்கு மாதம் துணி மூடி நின்றது. என் காருக்கு அதே வீரா பாகம்தான் சரியான பாகம். பொருள் ஒன்று, கார் ஒன்று போல; ஆனால் எனக்கு அது பழுது நீக்கம், அவருக்கு அது சமரசம்.

எவோவுக்கென்றே உள்ளவை இன்னும் மோசம். காற்றுத் துளைகள் வைத்த அலுமினிய பானெட், ரெக்காரோ இருக்கையின் துணி, மோமோ ஸ்டீயரிங். அசலில் பானெட் நசுங்கினால் அலுமினியத்தைத் தட்டி எடுக்கத் தெரிந்த ஆளைத் தேட வேண்டும். நான் இரும்பில் ஒன்று செய்து மாட்டியிருக்கிறேன். கொஞ்சம் கனம், ஆனால் நிம்மதியாகத் தூக்கம் வருகிறது.

இப்போது என் பக்கத்து அழுக்கு. வீரா முன்சக்கர விசைக் கார். நான்கு சக்கர விசைக்குப் பின்தளம் வேறு, பெட்ரோல் டேங்க் வேறு, பின்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்ட் நடுவே போக வழி வேண்டும். அதனால் பின்தளத்தையே வெட்டி எடுத்துவிட்டு, நான்கு சக்கர விசை லேன்சரின் பின்தளத்தைக் கொண்டுவந்து வெல்டிங் வைக்க வேண்டும். இதை ஜிக்கில், அதாவது உடலை அசையாமல் பிடித்துக்கொள்ளும் சட்டத்தில், ஏற்றி, அளவு பார்த்துச் செய்தால் கார். கண்பார்வையில் செய்தால் என் முதல் அனுபவம். நான் முதலில் கொடுத்த பட்டறையில் அந்த ஷாஃப்ட்டின் நடு பேரிங்கைப் பிடிக்கும் தாங்கியைக் கொஞ்சம் கோணலாக வைத்துவிட்டார்கள். 90 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் இருக்கைக்குக் கீழே வண்டு குடியிருப்பது போல ஒரு ரீங்காரம். மூன்று தடவை கொண்டுபோனேன். மூன்று தடவையும் டயர் என்றார்கள். அப்புறம் வேறொருவர் வெல்டிங்கை அறுத்து மறுபடி செய்தார். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் கணக்கு போடுகிறேன். சேர்த்தும் அசலின் விலையில் பாதியைத் தொடவில்லை.

காகித வேலையும் உண்டு. இன்ஜினை மாற்றினால் வாகனச் சோதனை நிறுவனமான புஸ்பாகோமில் சோதனை முடித்து, சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் சொல்லி, கெரானில், அதாவது காரின் பதிவுச் சான்றில், புது இன்ஜின் எண்ணை ஏற்ற வேண்டும். ஹாஃப்-கட் வாங்கும்போதே ரசீதையும் சுங்கப் படிவத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள்; பிறகு கேட்டால் கடைக்காரருக்கு உங்கள் முகமே மறந்திருக்கும். 1.5 வீராவுக்கு வருடச் சாலை வரி 90 வெள்ளி (ரிங்கிட்). 1,997 சிசி என்று பதிவானதும் 378 வெள்ளி 50 காசு. இந்த வித்தியாசத்துக்காகப் பழைய எண்ணிலேயே ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு விபத்து நடந்து காப்புறுதிக்காரர் இன்ஜின் எண்ணைக் குனிந்து பார்க்கும் நாளில், மிச்சம் பிடித்த வெள்ளி எதற்கும் காணாது. உடலை வெட்டி ஒட்டியதற்கும் ஒப்புதல் கேட்டுவிட்டே தொடங்குங்கள். வேலை முடிந்த பிறகு போய் நிற்பது நல்லதல்ல.

மறுவிற்பனையில் நான் தோற்றவன். இதில் பூசி மெழுக ஒன்றும் இல்லை. அசலின் விலை ஏறுகிறது. என் கார், எவ்வளவு செலவழித்திருந்தாலும், விற்கப் போனால் "நல்லா செஞ்ச வீரா" விலைக்குத்தான் போகும். வாங்குபவருக்கு ஒரு வார்த்தை: பானெட்டைத் திறந்து சேஸி எண்ணைப் பாருங்கள். மிட்சுபிஷியின் அசலில் சிஇ9ஏ என்று வரும். பிஎல்1 என்று தொடங்கினால் புரோட்டோன். புரோட்டோனை எவோ விலைக்குச் சொல்பவரிடம் தேநீர் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம். சிஇ9ஏ தகட்டைச் சுற்றி வெல்டிங் தழும்பு இருந்தால் தேநீர்கூட வேண்டாம். திருட்டு பயத்தில் இரண்டும் சமம். வீரா இந்த நாட்டில் திருடர்களுக்கு மிகவும் பிடித்த கார்களில் ஒன்று. அவர்களும் உதிரிபாகக் கணக்குத்தான் போடுகிறார்கள்.

ஓட்டும் சுகத்தைப் பற்றி அடக்கமாகத்தான் சொல்ல முடியும். அசலை நான் ஓட்டியது இரண்டு வார இறுதிகள், சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பாதையில். வளைவுக்குள் அசல் கொஞ்சம் முழுசாக, ஒரே கட்டையாகத் திரும்பியது போல இருந்தது. என் காரில் அதே வளைவில் பின்னிருக்கைக்குக் கீழே எங்கோ ஒரு முனகல் கேட்கும். ஆனால் அவருடைய டயர் புதுசு, என்னுடையது பாதி தேய்ந்தது; அதனால் எவ்வளவு உடலின் உறுதி, எவ்வளவு ரப்பரின் வேலை என்று பிரித்துச் சொல்லத் துணியமாட்டேன். ரேலிப் பந்தயத்துக்கு இறங்குகிறவர்கள் என் பேச்சைக் கேட்காமல், வெட்டி ஒட்டாத உடலைத் தேடுவதே நல்லது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மலையேறி நெய்த்தோசை சாப்பிட்டுவிட்டு இறங்குகிறவர்களுக்கு வீரா போதும்.

ஒன்றை மட்டும் வீராவாலும் காப்பாற்ற முடியவில்லை. பின் டிஃபரன்ஷியல், அதாவது இரண்டு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. அது எவோவுடையதுதான், இரண்டு காரிலும். என்னுடையது சின்ன வளைவுகளில் முனக ஆரம்பித்திருக்கிறது. நண்பருடையது போன மாதத்திலிருந்து எண்ணெய் சிந்துகிறது. நல்லது ஒன்று வந்தால் சொல்லும்படி கிள்ளானில் ஒரே தவுக்கேயிடம் இருவரும் சொல்லி வைத்திருக்கிறோம். நான் சொன்னது அவருக்குத் தெரியாது; இதைப் படித்தால் தெரிந்துகொள்வார்.