“சீல் பிரிக்காத புது டிஸ்க்”: 31,406 மணி நேரம் ஓடியிருந்தது

வீட்டில் சர்வர் போடவோ, பேட்டரி பேக் கட்டவோ சாமான் வாங்கக் கிளம்புகிறவர்கள், பணத்தை எண்ணுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் போனது பதிமூன்றாயிரத்துச் சொச்சம் ரூபாயும் ஒரு பாட்டும். ரூபாயைச் சம்பாதித்துக்கொள்ளலாம்.

இரண்டு வருடமாக நோட்டில் வரைந்து வைத்திருந்த திட்டம் இது. அப்பா 1980களின் கடைசியில் திருநெல்வேலி வீட்டில் பதிந்த கேசட்டுகள் 19 என்னிடம் இருக்கின்றன. கோயில் கொடை, ஊர்ப் பேச்சு, ஆச்சி பாடிய தாலாட்டு எல்லாம் அதில்தான். அவற்றை ஒவ்வொன்றாக டிஜிட்டலாக்கி, குடும்பப் போட்டோக்களோடு ஒரே இடத்தில் வைக்க வேண்டும், மதுரையில் இருக்கும் அக்காவும் அங்கிருந்தே கேட்க வேண்டும் என்பது ஆசை. ஆஃபீஸில் கழித்துக்கட்டிய ஆறாம் தலைமுறை ஐ5 கம்ப்யூட்டர் பெட்டி ஒன்று கிடைத்தது. சும்மா இருக்கும்போது சுமார் 25 வாட் இழுத்தது. இரண்டு மாத பில்லுக்கு 36 யூனிட். தாங்கலாம். 4 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் எழுதப்படும்படி மிர்ரர். ஃபைல்களை டிஸ்க்கில் அடுக்கி, கெட்டுப்போனதா என்று பார்த்துக்கொள்ள இசட்எஃப்எஸ். ஆபரேட்டிங் சிஸ்டம் டெபியன் 12.

கரண்ட் போனால் என்ன செய்வது என்பதற்குத்தான் அதிகம் மெனக்கெட்டேன். சர்வரை இன்வெர்ட்டர் லைனில் போட்டு, இன்வெர்ட்டரின் பின்னால் இருக்கும் சுவிட்சை யுபிஎஸ் மோடுக்கு மாற்றினேன். நார்மல் மோடில் விட்டால் மாறுகிற இடைவெளியில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். இன்வெர்ட்டரில் சேராத ஒரு பிளக்கில் பழைய போன் சார்ஜரைச் சொருகி, அதன் 5 வோல்ட்டை இரண்டு ரெசிஸ்டர் வைத்து 3.3க்குள் இறக்கி ஈஎஸ்பி32 என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டுக்குக் கொடுத்தேன். இபி கரண்ட் போனால் போர்டுக்குத் தெரியும். பத்து நிமிடத்துக்கு மேல் வராவிட்டால் சர்வரை முறையாக அணைக்கச் சொல்லும். ஒவ்வொரு முறை கரண்ட் போனதும் வந்ததும் தேதி, நேரத்தோடு பதிவாகும். இந்தப் பதிவு பின்னால் எனக்குச் சாட்சியாக வந்தது, அதனால்தான் இவ்வளவு விவரம் சொல்கிறேன்.

2024 தீபாவளிக்கு முந்தின வாரம் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். நல்ல கடைகள் நிறைய உள்ள தெரு அது. சின்ன வயதில் இருந்து அங்கேதான் ஐசி, ரிலே, ஒயர் எல்லாம் வாங்குகிறேன். அந்த நம்பிக்கையில்தான் வேறொரு சந்தில் இருந்த அறிமுகமில்லாத கடையிலும் ஏறினேன். மற்ற இடங்களில் 9,500 சொன்ன டிஸ்க்கை இங்கே 6,200 என்றார்கள்.

“ஏன் அண்ணா இவ்ளோ கம்மி?”

“கம்பெனி லாட் சார். பல்க்கா வந்துச்சு. சீல் பிரிக்காத பீஸ், பாத்துக்கோங்க.”

வெள்ளிநிறக் கவர், ஒட்டிய சீல், பளபளப்பான லேபிள், எல்லாம் சரியாக இருந்தன. பில் கேட்டேன். “ஜிஎஸ்டி போட்டா 18 பர்சன்ட் சேரும் சார், ரெண்டாயிரத்துக்கு மேல போயிடும். ஸ்லிப் எழுதித் தரேன், போதும். ஏழு நாள் டெஸ்டிங் வாரண்டி இருக்கு.” தலைப்பில் ‘எஸ்டிமேட்’ என்று அச்சடித்த துண்டுச் சீட்டில் ‘4 டிபி நியூ – 2’ என்று எழுதிக் கொடுத்தார். யுபிஐயில் பணம் போட்டபோது கடைப் பெயர் வரவில்லை, யாரோ ஒரு ஆளின் பெயர் வந்தது. அங்கேயே நான் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. அதே கடையில் கொள்ளளவு 3,400 எம்ஏஎச் என்று அச்சிட்ட 18650 லித்தியம் பேட்டரி செல் ஆறு, ஒன்று 190 ரூபாய் என்று அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன். ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் தனியாக 12 வோல்ட் பேக் கட்டுவதற்காக.

வீட்டுக்கு வந்ததும் டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரத்தை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் கணக்கைப் பார்த்தேன். ஒன்று ஓடிய நேரம் 2 மணி, மற்றது 3 மணி. கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டர் (தகவல் எழுதும் சிறு கட்டம்) பூஜ்யம். புதுசுதான் என்று நம்பி, கேசட் வேலையை ஆரம்பித்தேன்.

மூன்று கேசட் மிக மோசமான நிலையில் இருந்தன. ஆச்சி தாலாட்டு இருந்தது அதில் ஒன்று. ஒரு தடவை முழுதாக ஓடிப் பதிவானது. திருப்பிச் சுற்றும்போது நாடா அறுந்து, கருப்புத் தூளாக உதிர ஆரம்பித்துவிட்டது. பரவாயில்லை, பதிவாகிவிட்டதே என்று சர்வரில் போட்டேன். லேப்டாப்பில் இடம் இல்லை என்று அங்கிருந்த பிரதியை அழித்தேன். மிர்ரர் என்றால் பேக்கப் இல்லை என்று எனக்குத் தெரியாததல்ல. வெளி டிஸ்க் ஒன்று அடுத்த மாதச் சம்பளத்தில் வாங்குவதாக இருந்தேன்.

ஜனவரி இரண்டாம் வாரம் முதல் டிஸ்க்கில் படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர், அதாவது ஸ்மார்ட் பட்டியலில் 197ஆம் எண், 8 என்று காட்டியது. இரண்டு நாளில் 72. நான்காம் நாள் டிஸ்க்கே மிர்ரர் தொகுப்பிலிருந்து விலகியது. வேறொரு டீலரிடம் ஜிஎஸ்டி பில்லோடு ஒரு டிஸ்க் வாங்கி வந்து மாட்டினேன். இரண்டாவது டிஸ்க்கிலிருந்து எல்லாவற்றையும் இதற்கு எடுத்துக்கொண்டிருந்தபோது, பாதியைத் தாண்டியதும், இரண்டாவதும் ரீட் எரர் கொடுத்தது. இசட்எஃப்எஸ் எந்தெந்த ஃபைல் கெட்டது என்று பெயரோடு சொல்லிவிடும். பதினொரு ஃபைல். பத்தைத் திரும்ப எடுத்துவிட்டேன். பதினொன்றாவது ஆச்சி.

அக்காவுக்கு வாட்ஸப்பில் அனுப்பிய நாற்பது விநாடித் துண்டு மட்டும் இருக்கிறது.

இரண்டு புது டிஸ்க் மூன்றே மாதத்தில் ஒன்றாகப் போகுமா என்ற சந்தேகத்துக்கு அதே மாதம் வந்த ஒரு செய்தி பதில் சொன்னது. ஜெர்மனியின் ஹைஸே தளம், புதிது என்று விற்கப்பட்ட சீகேட் டிஸ்க்குகள் பல ஆயிரம் மணி நேரம் ஓடியவை என்று கண்டுபிடித்து எழுதியிருந்தது. சியா என்ற கிரிப்டோ நாணயத்துக்காக 2021 முதல் கொத்துக்கொத்தாக வாங்கி ஓட்டிய டிஸ்க்குகள் அவற்றில் இருக்கலாம் என்பது சந்தேகம். சாதாரண ஸ்மார்ட் கணக்கை இதற்கென்றே உள்ள கருவிகளால் பூஜ்யமாக்க முடியும். ஆனால் சீகேட் டிஸ்க்குகளுக்குள் ஃபார்ம் லாக் என்று இன்னொரு பதிவேடு தனியாக ஓடுகிறது. டிஸ்க்கின் விவரங்களைப் படிக்கும் ஸ்மார்ட்சிடிஎல் நிரலின் 7.4 பதிப்பு முதல் அதைப் படிக்கலாம். டெபியன் 12இல் வருவது 7.3. நான் முதல் நாள் பார்த்தபோது அந்த வசதியே என் சிஸ்டத்தில் இல்லை.

புதுப் பதிப்பைப் போட்டுப் பார்த்தேன். முதல் டிஸ்க் 31,406 மணி நேரம். இரண்டாவது 29,870. ஒன்று மூன்று வருடம் ஏழு மாதம், மற்றது மூன்று வருடம் ஐந்து மாதம், நிற்காமல் ஓடியிருக்கிறது. தயாரிப்பாளரின் தளத்தில் சீரியல் நம்பரைப் போட்டால் வாரண்டி இல்லை என்று வந்தது. பிறகுதான் டார்ச் அடித்துப் பார்த்தேன். திருகு மாட்டும் துளைகளில் மரை தேய்ந்த பளபளப்பு. டிஸ்க்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சாட்டா பின்களின் தங்கப் பூச்சில் நீளக் கோடுகள். ஒருமுறைகூட மாட்டாத டிஸ்க்கில் இவை இருக்க வழியே இல்லை.

கடைக்குப் போனேன். “கரண்ட் கட்ல அடி வாங்கியிருக்கும் சார், எங்க கிட்ட வேலை இல்ல” என்றார். ஈஎஸ்பி32 பதிவை அச்சடித்து எடுத்துப் போயிருந்தேன். மூன்று மாதத்தில் எத்தனை முறை கரண்ட் போனது, ஒவ்வொரு முறையும் சர்வர் எத்தனை மணிக்கு ஒழுங்காக அணைந்தது, எல்லாம் அதில் இருந்தது. திடீரென்று அணைந்தது ஒருமுறைகூட இல்லை. அதைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கி, “சரி, ஒண்ணு மாத்தித் தரேன்” என்று இன்னொரு சீல் கவரை எடுத்தார். லேப்டாப்பும் டிஸ்க்கை யுஎஸ்பியில் இணைக்கும் டாக்கும் கையோடு இருந்தன. கவுண்ட்டரிலேயே சொருகினேன். ஸ்மார்ட்டில் 1 மணி நேரம், ஃபார்மில் 41,000க்கு மேல்.

திருப்பிக் காட்டினேன். அவர் சொன்னது: “எல்லாரும் இதத்தான் சார் வாங்கிட்டுப் போறாங்க. யாரும் இப்படி நோண்டல.”

பழையது என்று சொல்லி 3,000 ரூபாய்க்குக் கொடுத்திருந்தால் நானே வாங்கியிருப்பேன். தெரிந்து வாங்கிய பழைய டிஸ்க்கில் மூன்றாவது பிரதியை வைத்திருப்பேன், ஒரே பிரதியை நம்பி வைத்திருக்க மாட்டேன். பழசை விற்றது குற்றமில்லை. நான் எதை நம்பலாம் என்று முடிவு செய்யும் உரிமையை அவர் எடுத்துக்கொண்டார், அதுதான் எனக்கு ஆறவில்லை.

செல்களும் அதே கதை. மூன்று ஜோடியாகக் கட்டிய பேக், ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் சேர்ந்து 12 வாட் இழுத்தால் ஐந்து மணி நேரமாவது தாங்க வேண்டும். ஐம்பது நிமிடத்தில் அணைந்தது. ஒரு ஜோடி மட்டும் தொட முடியாத சூட்டில் இருந்தது. உடனே கழற்றி மொட்டை மாடியில் மண் சட்டியில் வைத்தேன். பிறகு தனித்தனியாகக் கொள்ளளவு அளக்கும் சார்ஜரில் போட்டால் 1,310, 1,240, 1,180, மீதி மூன்றும் ஆயிரத்துக்குக் கீழே. முனையில் தேய்த்து மழுப்பிய ஸ்பாட் வெல்டிங் தழும்பு தெரிந்தது. பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து பிடுங்கி, புது உறை மாட்டி, புது நம்பர் அச்சடித்தவை. தழும்பு பார்க்க உறையைக் கிழிக்காதீர்கள். செல்லின் உலோக உடம்பு முழுக்க நெகட்டிவ், பாசிட்டிவ் முனையின் விளிம்பு வரைக்கும். உறை போனால் ஒரு ஸ்க்ரூடிரைவர் பட்டாலே ஷார்ட்.

பொதுவாக 18650 அளவில் சுமார் 3,600 எம்ஏஎச்சுக்கு மேல் வருவதில்லை. 6,000, 9,900 என்று அச்சடித்து எது விற்றாலும் அது பொய். 3,400 போன்ற நடக்கக்கூடிய எண்ணை அச்சடிப்பவர்கள் அதைவிட ஆபத்தானவர்கள், ஏனென்றால் நம்பத் தோன்றும்.

கடைப் பெயரை இங்கே போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சட்டம் பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பழைய அல்லது புதுப்பித்த பொருளைப் புதியது என்று பொய் சொல்லி விற்பது முறையற்ற வணிக நடைமுறை என்று நேரடியாகவே இருக்கிறது. பில் தராததும் அதே பட்டியலில் வருகிறது. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிடலாம். மாவட்ட ஆணையத்தில் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். என்னிடம் இருப்பது ‘நியூ’ என்று எழுதிய எஸ்டிமேட் சீட்டு, யுபிஐ ரசீது, ஃபார்ம் லாக், கவுண்ட்டரில் எடுத்த வீடியோ. அந்தச் சீட்டைக் கசக்கிப் போடாமல் பர்ஸில் வைத்திருந்தது நல்லதாயிற்று.

இப்போது நான் டிஸ்க் வாங்கினால் செய்வது இது. ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பர் எழுதச் சொல்வேன்; எழுத மறுத்தால் வாங்குவதில்லை. பணம் கொடுக்கும் முன் அந்த நம்பரைத் தயாரிப்பாளர் தளத்தில் போட்டு வாரண்டி முடியும் தேதியைப் பார்ப்பேன். வீட்டில் மாட்டியதும் லேபிளில் உள்ள நம்பரும் டிஸ்க் சொல்லும் நம்பரும் ஒன்றா என்று பார்த்து, ஃபார்ம் லாக்கைப் படித்து, டிஸ்க் முழுவதும் எழுதிப் படிக்கும் பேட்பிளாக்ஸ் சோதனையை ஓட விடுவேன். 4 டிபிக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். அந்த நாட்களில் ஒரு ஃபைலும் அதில் போடுவதில்லை. சில யுஎஸ்பி டாக்குகள் ஃபார்ம் லாக்கைக் கடத்தாது, நேரடியாக சாட்டாவில் மாட்டுங்கள். மற்ற கம்பெனி டிஸ்க்குகளில் ஃபார்ம் லாக் இல்லை, அங்கே வாரண்டித் தேதியும் உங்கள் கண்ணும்தான் துணை. ஃபார்ம் லாக்கையே திருத்தவும் ஆரம்பித்துவிட்டார்கள். 2025இல் கோலாலம்பூருக்கு வெளியே ஒரு கிடங்கில் நடந்த சோதனையில், இப்படிப் புதுசாக்கப்பட்டுக்கொண்டிருந்த நூற்றுக்கணக்கான டிஸ்க்குகள் பிடிபட்டன. ஆகவே லாக் சரியாக இருந்தாலும் திருகுத் துளையைப் பாருங்கள், பின்களைப் பாருங்கள்.

தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் யாராவது சமீபத்தில் குறைந்த விலைக்கு டிஸ்க் வாங்கியிருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில்தான் இருப்பேன். சாட்டா கேபிளும் ஸ்மார்ட்சிடிஎல் 7.4 போட்ட லேப்டாப்பும் மேசையிலேயே இருக்கின்றன, பத்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடலாம். டெஸ்டிங் வாரண்டி ஏழு நாள்தான், அதற்குள் வாருங்கள்.