மீஞ்சூரா, செங்குன்றமா? மனை வாங்கும் முன்

சென்னை ராயபுரம், தண்டையார்பேட்டையில் வாடகை கொடுத்துக் களைத்து, சொந்த வீட்டுக்கு மனை தேடுகிறவர்கள் பலரும் நகரத்தின் வட பக்கம் இருக்கும் மீஞ்சூர், செங்குன்றம் இரண்டில் எது என்றுதான் திணறுகிறார்கள்.

போக்குவரத்து
மீஞ்சூர்: கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் நிற்கும்.
செங்குன்றம்: ரயில் கிடையாது, பேருந்துதான்.

தண்ணீர்
மீஞ்சூர்: நிலத்தடி நீரைப் பல வருஷம் அளவுக்கு மீறி உறிஞ்சியதில் கடல்நீர் உள்ளே புகுந்துவிட்டது, அதனால் புரோக்கர் சொல்வதை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டு போர் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள், பரிசோதனைக்கும் கொடுங்கள்.
செங்குன்றம்: கடலிலிருந்து தள்ளி இருப்பதால் அந்தப் பயம் குறைவு.

மழை
மீஞ்சூர்: பூண்டி ஏரியைத் திறந்தால் கொசஸ்தலை ஆறு பெருகும். 2021, 2023 வெள்ளத்தில் மனை இருக்கும் தெரு எப்படி இருந்தது என்று அங்கே குடியிருக்கும் அக்காமார்களிடம் கேளுங்கள்.
செங்குன்றம்: புழல் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் வீடு கட்டக் கட்டுப்பாடு உண்டு. சர்வே எண்ணைக் கொண்டுபோய் சிஎம்டிஏவில் (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) விசாரிக்காமல் அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது.

பாரிமுனை, சென்ட்ரல் பக்கம் தினமும் வேலைக்குப் போகிறவருக்கு மீஞ்சூர், ஆனால் மேடான மனையாக இருக்கணும். மாதவரம், அம்பத்தூரில் வேலை, சொந்த வண்டி இருக்கிறது என்றால் செங்குன்றம். எதுவானாலும் வில்லங்கச் சான்றை (மனை மீது பதிவான விற்பனை, அடமான விவரம்) 30 வருஷத்துக்குப் போட்டுப் பாருங்கள்.