கயாக் ஸ்கெக் செய்ய சேலத்துல ஒரு நல்ல லேத் பட்டறை

வீட்லயே பிளைவுட்ல கயாக் (துடுப்பு போட்டு ஓட்டுற ஒல்லியான படகு) கட்டுறவங்க சேலம் பக்கம் யாராச்சும் இருந்தா இத படிங்க. செவ்வாப்பேட்டைல ஒரு சின்ன லேத் பட்டறைல ஏத்தி இறக்குற ஸ்கெக் செய்யக் குடுத்தேன். ஸ்கெக்னா படகுக்கு பின்னாடி அடில ஒரு பெட்டிக்குள்ளருந்து இறங்குற தகடு, பக்கக்காத்து அடிச்சா படகு மூக்கு காத்து வர்ற பக்கமே திரும்பும்ல, அத தடுக்கத்தான், படக திருப்ப இல்ல, அதுக்கு ரடர் வேற. அந்த அண்ணன் டிராயிங்க பாத்ததும் கேட்ட மொத கேள்வியே "பெட்டிக்குள்ள கல்லு மாட்டுனா எப்படிங்க எடுப்பீங்க"ன்னுதான், மனசு நெறஞ்சு போச்சு! தகட்டோட நுனில ஒரு ஓட்டை போட்டுக் குடுத்தாரு, கயிறு கட்டி வெளிய இழுத்துக்கலாம். 3 மி.மீ. அலுமினியம், ஓரமெல்லாம் மழுங்கத் தேச்சு, எஸ்எஸ் போல்ட்டு, நைலான் வாஷர், சுத்தமான வேலை. எலாஸ்டிக் கயிறு கீழ இழுக்கும், உக்காந்த எடத்துலருந்து இன்னொரு கயித்த இழுத்தா மேல வரும், அதனால பாறைல இடிச்சாலும் தகடு தானா மடங்கிக்கும். பூலாம்பட்டி காவிரில நல்ல காத்துல பாதி எறக்கி விட்டேன், நேரா போச்சுங்க. முழுசா எறக்குனா மூக்கு காத்து போற பக்கம் திரும்பும், பாதிதான் சரி. சொன்ன தேதிக்கு தரல, அது ஒண்ணுதான் கொற. போறவங்க டிராயிங்க அளவோட கொண்டு போங்க.