பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கை: புகைக்குக் கணக்கு உண்டு, வெள்ளத்துக்கு?

கடலூர் சிப்காட்டில் ஆலை வைத்திருக்கும் கம்பெனியின் பங்கை வாங்க நினைப்பவருக்குக் காசில்லாமல் கிடைக்கும் சரக்கு ஒன்று உண்டு: பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி கேட்டு வாங்கும் பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கை, அதாவது கம்பெனியின் சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பைச் சொல்லும் அறிக்கை. சந்தை மதிப்பில் முதல் 1,000 பட்டியலிட்ட கம்பெனிகளுக்கு 2022-23 முதல் இது கட்டாயம். ஆண்டறிக்கையோடு சேர்ந்தே பங்குச்சந்தைத் தளத்தில் இருக்கும். மரக்கன்று நடும் படங்களைத் தள்ளிவிட்டு நேரே சுற்றுச்சூழலைப் பற்றிய ஆறாம் கோட்பாட்டுக்குப் போங்கள்.

ஆலைக்குள் எரிக்கும் நிலக்கரியும் டீசலும் விடும் கார்பன் புகை ஸ்கோப் 1. வெளியிலிருந்து வாங்கும் மின்சாரத்துக்கான புகை ஸ்கோப் 2. ஸ்கோப் 2-ஐ வீட்டிலிருந்தே சோதிக்கலாம். பொது மின்தொகுப்பிலிருந்து (கிரிட்) வரும் மின்சாரம் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. மின் நுகர்வை ஜூலில் போட்டிருப்பார்கள், 3.6 மெகாஜூல் ஒரு யூனிட். புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்குத் தனி வரி இருக்கும், அதைச் சேர்க்காதீர்கள். யூனிட்டை 0.7-ஆல் பெருக்கி வந்த விடை ஸ்கோப் 2-க்குப் பக்கத்தில்கூட இல்லையென்றால் கிகாஜூலும் டெராஜூலும் இடம் மாறியிருக்கலாம். சொந்த மின்நிலையம் உள்ள கம்பெனிக்கு இந்தக் குறுக்குவழி ஒத்துவராது.

ஏமாற வைக்கும் இடம், விற்றுமுதலுக்கு இத்தனை டன் என்ற விகிதம். 10,000 டன் புகை, 500 கோடி விற்பனை என்றால் கோடிக்கு 20 டன். அடுத்த ஆண்டு ரசாயன விலை ஏறி அதே சரக்கு 625 கோடிக்குப் போனால் 16 டன். புகை ஒரு கிலோகூடக் குறையவில்லை, அறிக்கையில் 20 சதவீதச் சாதனை! உற்பத்தி டன்னுக்கு எவ்வளவு என்ற விகிதத்தையும் தந்திருந்தால் அதை மட்டும் நம்புங்கள். வாங்கும் மூலப்பொருள், சரக்குப் போக்குவரத்து எல்லாம் அடங்கிய ஸ்கோப் 3 விருப்பப் பகுதியில்தான் வருகிறது, பலர் தொடுவதில்லை.

இதுவரை 5-க்கு 4 தரலாம். கடலூர்க்காரருக்கு வேண்டியது வரும்போது 1-க்கு இறங்குகிறது. 2011 ‘தானே’ புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல் என்று உப்பனாற்றங்கரை வாங்கிய அடி ஊரறிந்தது. படிவமோ பேரிடர்த் திட்டத்தை விருப்பக் கேள்வியாக வைத்து, 100 சொல்லில் எழுது அல்லது இணைப்பைக் கொடு என்கிறது. முதல் பிரிவில் இடர்ப் பட்டியல் உண்டு. நிதி விளைவு சாதகமா பாதகமா என்று குறித்தால் போதும், ரூபாய் வேண்டாம். புகைக் கணக்கும் கம்பெனி மொத்தத்துக்குத்தான். கடலூர் ஆலையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துத் தெரியாது.

மீதியைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஒரே பங்கு வைத்திருப்பவரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேட்கலாம். காணொளிக் கூட்டமென்றால் பேச முன்பதிவு தேவை; கடைசித் தேதி நோட்டீசின் குறிப்புகளுக்குள் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும். கேள்வி மூன்று போதும்: ரசாயனத் தொட்டிகளின் தளம் 2015 வெள்ள மட்டத்துக்கு மேலே எத்தனை அடி? கடைசிப் புயலில் ஆலை எத்தனை நாள் நின்றது? காப்பீட்டுப் பிரீமியம் அதற்குப் பிறகு எவ்வளவு ஏறியது?